ஜன்னலோர மேஜை

ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பயன்படுத்தும் இடத்தில் முதல் சண்டை நாற்காலியின் உயரத்துக்காகத்தான் வரும், மேடம். இரண்டாவது சண்டைதான் மெயிலுக்காக. நாற்காலிச் சண்டையைத் தீர்க்க யாராலும் முடியாது. மெயில் சண்டையைத் தீர்ப்பது என் தொழில்.

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். காகிதம் பறக்கிறது, எழுதிக்கொள்கிறவர் பாவம். நான் நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே கதவைப் பற்றிக் கேட்கிறீர்கள். கதவுக்கு வருகிறேன். மெயிலைச் சொல்லாமல் கதவைச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

சின்ன இடங்கள்தான் என் வாடிக்கை. ஒரு பல் மருத்துவமனை, ஒரு டிராவல்ஸ், ஒரு பள்ளிக்கூட அலுவலகம். எங்கேயும் ஆள் அதிகம், கம்ப்யூட்டர் ஒன்று. எல்லோருக்கும் வரும் மெயில் ஒரே இடத்தில் வந்து கொட்டும். பல் டாக்டருக்கு அவர் மாமியார் எழுதியதை வரவேற்பில் இருக்கும் பெண் படித்துவிடுவாள். படித்ததோடு விடாமல் டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பாள். நான் போய் ஆளுக்கு ஒரு பெட்டி வைத்துக் கொடுப்பேன். பெட்டி என்றால் வேறொன்றும் இல்லை, ஒருவருடைய மெயில் மட்டும் தனியாகத் தங்குகிற கோப்பு. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதைப் போட்டால் அவரவர் பெட்டி மட்டும் திறக்கும், அடுத்தவருடையது கண்ணிலேயே படாது.

அவர்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் என்னை நாலு இடத்தில் சிபாரிசு செய்தார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, தங்கை, நான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். தங்கையைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். வளர்ந்து என் தோளைத் தாண்டிய பிறகும் பெயர் மாறவில்லை. கட்டட வரைபடம் போடப் படித்தவள். ஒரு இன்ஜினியரிடம் வேலை பார்த்தாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர்களைப் பார்க்க மாட்டாள், சுவரைத்தான் பார்ப்பாள். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எது சும்மா மறைப்புக்கு நிற்கிறது என்று விரலால் தட்டியே சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டில் கூடத் தட்டுவாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுப்பாள்.

பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. சுண்டு வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டேன்.

அம்மாவின் கட்டிலைக் கூடத்தில் போட்டோம். கூடத்து மூலையில் கம்ப்யூட்டர். சுண்டுவுக்குச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தேன். அதில் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஒருநாள் அவள் ஒரு வரைபடத்தோடு வந்தாள். எங்கள் வீட்டையே அளந்து போட்டிருந்தாள். அவள் அறையின் பின்சுவரில், பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கொல்லையைப் பார்க்க, ஒரு சின்ன ஜன்னல்.

சுவரை உடைத்தால் வீடு நிற்காது என்றேன்.

"அது தாங்குற சுவர் இல்லண்ணா," என்றாள். "ஒத்தைச் செங்கல்தான். நான் தட்டிப் பாத்துட்டேன்."

பார்க்கலாம் என்றேன். அவள் வரைபடத்தை மடித்துத் தன் இரும்புக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடம்பிடிக்கிற பெண் இல்லை அவள், மேடம். இந்தக் காலத்தில் அப்படி ஒரு தங்கை கிடைப்பது கஷ்டம்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பெட்டிகள் வைத்தேன். ஊருக்கெல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டு நம் வீட்டில் எல்லாம் கலந்து கிடந்தால் நன்றாக இருக்காது. எனக்கு ஒன்று, சுண்டுவுக்கு ஒன்று, அம்மாவுக்கும் ஒன்று. வெளியூரில் இருக்கும் சித்தி அம்மாவுக்கு எழுதுவாள். சுண்டு அதை வாசித்துக் காட்டுவாள். சித்தி எழுதுவது முழுக்கத் தன் மூட்டுவலியைப் பற்றித்தான், ஆனாலும் அம்மா இரண்டாம் முறை வாசிக்கச் சொல்வாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அம்மா கொஞ்சம் தேறிக் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் சுண்டு வேலைக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினாள். எல்லாம் வேறு ஊர்க் கம்பெனிகள். அம்மாவோடு இருக்க ஒரு ஆயாவைக்கூட விசாரித்து வைத்திருந்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். அவள் பெட்டியை ஒருநாள் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தற்செயல்தான். ஒரு கம்பெனி வரச் சொல்லி எழுதியிருந்தது. தங்க இடமும் தருவதாக.

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவின் கைத்தடிச் சத்தமும் நானும்தான்.

அன்றைக்குத்தான் நான்காவது பெட்டியை வைத்தேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை. சுண்டுவின் முகவரிக்கு வருவது எதுவானாலும் முதலில் அதில் வந்து விழும். நான் பார்த்து, அவளுக்கு எது நல்லதோ அதை அவள் பெட்டிக்கு மாற்றிவிடுவேன். தோழிகள் எழுதியது, இன்ஜினியர் எழுதியது எல்லாம் ஒழுங்காகப் போய்விடும். மெயில் ஏன் தாமதமாக வருகிறது என்று ஒருமுறை கேட்டாள். லைன் அப்படித்தான் என்றேன். நம்பிவிட்டாள்.

நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். என் கையில் இதுவரை ஒருவருடைய ஒரு மெயில்கூடத் தொலைந்ததில்லை. எல்லாம் அந்தப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வேறு ஆளாக இருந்தால் அழித்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பான்.

ஆனால் பதிலே வராவிட்டால் மனிதர்கள் தவித்துப்போவார்கள். அவள் காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கம்ப்யூட்டரைத் திறப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நானே எழுதினேன். அனுப்புகிறவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், மேடம், கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது. கம்பெனியின் பெயரில் சுண்டுவுக்கு வருத்தத்தோடு ஒரு மறுப்பு. சுண்டுவின் பெயரில் கம்பெனிக்கு, குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை என்று மரியாதையாக ஒரு பதில். இரண்டு பக்கமும் யார் மனமும் கோணவில்லை.

மறுப்பு எழுதுவது சுலபமில்லை. கம்பெனிக்காரர்கள் இரண்டு வரியில் முகத்தில் அடித்த மாதிரி எழுதுவார்கள். நான் அப்படி எழுதியதில்லை. உங்கள் கோடுகளில் சுத்தம் இருக்கிறது, படிக்கட்டை நீங்கள் அமைத்த விதம் எங்கள் குழுவைக் கவர்ந்தது, ஆனால் இடம் நிரம்பிவிட்டது என்று எழுதுவேன். அவள் வரைபடங்களை நான் உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அவளை அந்த அளவுக்குப் பாராட்டியவர்கள் வேறு யாரும் இல்லை.

நாளாக நாளாக அவள் அனுப்புவது குறைந்தது. ஒரு கம்பெனிக்கு போன் போட்டு, எதில் குறை என்று கேட்கட்டுமா என்றாள். கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்றேன். சுவரைத் தட்டுவதும் நின்றுபோனது. அம்மாகூட ஒருநாள், இப்போதெல்லாம் வெளியே கூட்டிப்போனால் மானம் போகாமல் திரும்பி வருகிறோம் என்று சிரித்தாள். சுண்டு சிரிக்கவில்லை.

சோடாபுட்டியைப் பற்றியும் கேட்பீர்கள். இன்ஜினியரிடம் அவளோடு வேலை பார்த்தவன், நிலம் அளக்கிறவன். கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அவளே வைத்த பெயர். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபின் எழுத ஆரம்பித்தான். நல்ல பையன். எழுத்தில் பிழை அதிகம், மனசில் இல்லை. அவனுக்கும் சுண்டுவின் பெயரில் நான்தான் பதில் எழுதினேன். முதலில் தள்ளிப்போட்டேன். பிறகு மறந்துவிடச் சொன்னேன். மெயிலில் இப்படியெல்லாம் சொல்லாதே, நேரில் சொல், பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான்.

நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருப்பானோ என்னவோ, ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவனுக்கு என்னைத் தெரியாது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை தூறியது. இரண்டு குடை கொண்டுவந்திருந்தான். சாயங்காலம் வரை ஒவ்வொரு டவுன் பஸ்ஸாகப் பார்த்தான். கடைசியில் என்னிடம் திரும்பி, "சார், இந்தப் பக்கம் வர்ற பஸ் வேற எங்கயாவது நிக்குமா?" என்று கேட்டான். எல்லாம் இங்கேதான் நிற்கும் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஒரு குடையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அன்று மனசு சரியில்லை. குடையை வீட்டுக்கு எடுத்துவந்தேன். சுண்டு இன்னும் அதைத்தான் எடுத்துக்கொண்டு காய்கறிக்குப் போகிறாள்.

அவன் எழுதவே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் பாத்திரம் கழுவும்போது அழுதாள். நான் கேட்கவில்லை. சொன்னேனே, மூக்கை நுழைக்கிற பழக்கம் கிடையாது.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். இதை நான் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன். அம்மா நிம்மதியாகத்தான் போனாள், சுண்டுவின் மடியில்.

அம்மா போன பிறகு அந்தப் பெட்டியை எடுத்துவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காரியமெல்லாம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு வேலை தலைக்கு மேல். மேலும், அவள் அப்போது துக்கத்தில் இருந்தாள். துக்கத்தில் இருக்கிறவள் ஆள் தெரியாத ஊரில் போய் என்ன செய்வாள்? நான் மட்டும் அந்த வீட்டில் என்ன செய்வேன்?

சித்தி எழுதிய மெயிலையெல்லாம் அம்மா ஞாபகமாக ஒரு சிடியில் போட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் டிராவல்ஸுக்குப் போயிருந்தபோது பெட்டிகள் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். எப்படிப் பிரதி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான். வீட்டில் இருந்தது மூன்று பேர், அங்கே நாலு பெட்டி. பெயர் இல்லாததுதான் எல்லாவற்றிலும் பெரிது. சாயங்காலம் என்னிடம் கேட்டாள். என் வாடிக்கைக்காரர்களுடையது, பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன் என்றேன். ம் என்றாள். நான் எதையும் அழிக்காதவன் என்றேனே, அந்த நல்ல குணம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. அழித்திருந்தால் பெட்டி பெருத்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்து அவளுக்கு ஒரு வேலை வந்தது. நாற்றிசைக் கட்டட நிறுவனம். நல்ல கடிதம், மேடம். சம்பளத்தைவிட மற்ற விஷயங்களை விரிவாக எழுதியிருந்தார்கள். தங்களுக்கு ஜன்னலோர மேஜை ஒதுக்கப்பட்டுள்ளது, ஜன்னல் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் விழும், வேண்டாமென்றால் திரை போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் இருந்தது. ஒரு கம்பெனி மேஜையைப் பற்றி இவ்வளவு எழுதுமா என்று ஒரு நொடி தோன்றியது. வழக்கமாகக் கம்பெனியைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் எழுதுவேன். அன்று விசாரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் நேராக மறுப்பை எழுதி அவள் பெட்டியில் போட்டேன். தங்கள் திறமையை மதிக்கிறோம், இடம் நிரம்பிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே, அம்மாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இதுவும் கிடைக்கலண்ணா," என்றாள்.

விடு, அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றேன். தலையைத் தடவப் போனேன். அவள் நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்றிசைன்னு ஒரு கம்பெனி. நல்ல கம்பெனியாண்ணா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். விசாரிச்சிருக்கேன்," என்றேன். "பேருதான் பெருசு. ஆளுங்க சரியில்லையாம். பொம்பளைங்க யாரும் நிலைச்சு நிக்கறதில்லயாம். கிடைக்காததே நல்லது சுண்டு."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்படி ஒரு கம்பெனியே இல்லண்ணா. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நான்தான் அந்த மெயிலை அனுப்பினேன். அந்த மேஜை நான் எனக்கே போட்டுக்கிட்டது."

இல்லாத கம்பெனி அவளை வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அவள் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

"சோடாபுட்டி எழுதினானா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் குடையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் திரும்பி அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து துணி எடுத்து வைக்கத் தன் அறைக்குப் போனாள்.

இப்போது கதவு. அந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. சாமான் அறையாக இருந்த காலத்தில் பூனைக்காகப் போட்டது. போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். அந்த மனநிலையில் ஒரு பெண் தனியாகத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும்? கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் ஆறவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாள் போனதே தெரியவில்லை. எத்தனை நாள் என்று நீங்கள் சொல்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கும், நான் எண்ணவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தேன். குளிக்கக் கொள்ளத் திறந்துவிட்டேன், வாசல் பக்கம் நான் நின்றுகொண்டேன். தையல்காரர் கேட்டபோது சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். சித்திக்கு அவள் பெயரில், உடம்புக்கு முடியவில்லை, இப்போதைக்கு எழுத முடியாது என்று மெயில் போட்டேன். சித்தி பதிலுக்குத் தன் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருந்தாள். அதை அச்செடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளினேன். பொழுது போகட்டும் என்று.

அவள் ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை. வேறெதையோ தட்டுகிற சத்தம் கேட்கும். விரலால், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி. பழைய பழக்கம் திரும்பிவிட்டது, தேறிவருகிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பல் டாக்டரிடம் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். அவருக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். அவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் இவள் இரும்புக் கட்டிலின் காலைக் கழற்றிப் பின்சுவரை இடித்திருக்கிறாள். தையல்காரர் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாராம். சுவரிலிருந்து முதலில் செங்கல் விழுந்தது, பிறகு ஒரு கை வந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறார்.

அவள் சொன்னது சரிதான். ஒற்றைச் செங்கல்தான். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, பூட்டியது நான். எழுதியது நான், இரண்டு பக்கமும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். நான்காவது பெட்டியின் பாஸ்வேர்டை மட்டும் உங்களிடம் சொல்ல முடியாது. அதில் இருப்பது அவளுடைய சொந்த விஷயம், மேடம். வந்த வேலைகள் இருக்கின்றன, சோடாபுட்டி எழுதியதெல்லாம் இருக்கிறது. அதை மூன்றாம் மனிதர் பார்ப்பது முறையில்லை. அவள் நேரில் வந்து கேட்கட்டும், அவள் காதில் சொல்கிறேன். வருவாள். அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அவளால் எங்கேயும் போக முடியாது.

அறையை அப்படியே வைத்திருக்கிறேன். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் தெருமுனையில் கொத்தனாரைப் பார்த்தேன், உங்கள் ஆளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த ஓட்டையை அடைக்க வேண்டாம், அவள் இத்தனை நாள் ஆசைப்பட்டது, ஒழுங்காகச் சட்டம் போட்டு ஜன்னலாகவே வைத்துவிடு என்றேன். கம்பியை மட்டும் கொஞ்சம் நெருக்கமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். காலம் கெட்டுக் கிடக்கிறது.